கடைசி மூன்று நிமிடம்

அமெரிக்கத் தொலைக்காட்சித் துறையில் ஒவ்வோர் ஊருக்கும் ஓர் எண் உண்டு. பார்வையாளர் கணக்கெடுக்கும் நீல்சன் நிறுவனம் நாட்டை 210 சந்தைகளாகப் பிரித்து, தொலைக்காட்சி உள்ள வீடுகளின் எண்ணிக்கைப்படி வரிசைப்படுத்தி வைத்திருக்கிறது. நியூயார்க் 1, லாஸ் ஏஞ்சலஸ் 2. மொன்டானா மாநிலத்தின் கிழக்கே, சில ஆயிரம் வீடுகளே உள்ள கிளெண்டைவ் பல ஆண்டுகளாக 210. இத்துறைக்காரர்கள் இருவர் சந்தித்துக்கொண்டால் "எந்த ஊர்?" என்பதோடு நிற்க மாட்டார்கள். "எத்தனையாவது சந்தை?" என்றும் கேட்பார்கள்.

இந்த வரிசையின் அடியில் எங்கோ தொடங்கி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை ஊர் மாற்றி மேலே ஏறுவதையே விதியாகக் கொண்ட ஒரு தொழில் உண்டு. உள்ளூர்த் தொலைக்காட்சிச் செய்தியில், கொலை, தீவிபத்து, நகரசபை, வானிலை எல்லாம் முடிந்தபின் கடைசி மூன்று நிமிடம் விளையாட்டைச் சொல்லும் ஸ்போர்ட்ஸ்காஸ்டரின் தொழில் அது. மைதானத்துக்குப் போவதும், படம் பிடிப்பதும், வெட்டி ஒட்டுவதும், எழுதுவதும், பிறகு கோட்டு மாட்டிக்கொண்டு வந்து பேசுவதும் பல ஊர்களில் ஒரே ஆள்தான்.

நம்மில் பலருக்கு இது பழக்கமில்லாத ஒன்று. சென்னைத் தொலைக்காட்சி 1975இல் தொடங்கியது. அதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, விளையாட்டுச் செய்தி என்பது செய்தி வாசிப்பவரே இறுதியில் படித்துவிட்டுப் போகும் நாலு வரி. வானொலியில் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் தமிழில் கிரிக்கெட் வர்ணனை செய்தார்கள்; அந்தக் குரல்கள் மாநிலம் முழுவதற்குமானவை. ஒரு மாவட்டத்துப் பள்ளிக்கூட ஆட்டங்களைச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் ஆள் இருக்க முடியும் என்பதை, முதுகலைப் படிப்புக்காக 2003இல் அமெரிக்க மத்திய மேற்கின் சிறு நகரம் ஒன்றுக்கு வந்தபோதுதான் கண்டேன். ஆங்கிலம் காதில் ஏறட்டும் என்று இரவு பத்து மணிச் செய்தி பார்க்க ஆரம்பித்தவன், கடைசி மூன்று நிமிடத்துக்காகக் காத்திருக்கலானேன். ஆட்டத்தின் விதிகள் புரியாவிட்டாலும், எந்தத் தெருப் பையன் எந்தப் பள்ளிக்காக ஓடினான் என்பது புரிந்தது. அந்த ஊரில் எனக்குத் தெரிந்த முதல் ஊர்க்காரப் பெயர்கள் அவருடைய வாயிலிருந்து வந்தவைதாம்.

இந்தத் தொழிலின் வேர் வானொலியில் இருக்கிறது. 1921 ஆகஸ்ட் 5 அன்று பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் நடந்த பேஸ்பால் ஆட்டத்தை ஹரால்டு ஆர்லின் என்பவர் கேடிகேஏ வானொலியில் வர்ணித்தார். பேஸ்பால் ஆட்டமொன்று ஒலிபரப்பானது அதுவே முதல்முறை. ஆர்லின் வெஸ்டிங்ஹவுஸ் தொழிற்சாலையில் பொறியாளர். பகலில் தொழிற்சாலை, மாலையில் ஒலிவாங்கி. அடுத்த பத்தாண்டில் மைதானத்துக்கே போகாமல் வர்ணிப்பதும் ஒரு கலையாயிற்று. அயோவா மாநிலத்தின் டெ மாயின் நகர வானொலியில் ஓர் இளைஞர், சிகாகோ கப்ஸ் அணி ஆடும் ஆட்டத்தைத் தந்தியில் வரும் சுருக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு நேரில் பார்ப்பதுபோலவே சொல்லிக்கொண்டிருந்தார். ஒருநாள் தந்தி நின்றுபோனது. மட்டையாளர் பந்தை மீண்டும் மீண்டும் எல்லைக்கோட்டுக்கு வெளியே அடிப்பதாகச் சில நிமிடம் கற்பனையில் ஓட்டிச் சமாளித்ததைப் பின்னாளில் அவரே சிரித்துச் சிரித்துச் சொல்வார். அவர் பெயர் ரொனால்டு ரீகன்.

தொலைக்காட்சி 1939இல் விளையாட்டுக்கு வந்தது. அந்த மே 17 அன்று நியூயார்க்கில் கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிகள் ஆடிய பேஸ்பால் ஆட்டத்தை ஒரே ஒரு காமிராவை வைத்து ஒளிபரப்பினார்கள். வர்ணித்தவர் பில் ஸ்டெர்ன். ஆகஸ்ட் 26 அன்று புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆட்டத்தை ரெட் பார்பர் வர்ணித்தார். பிறகு போர் வந்து எல்லாவற்றையும் நிறுத்தியது.

போருக்குப் பின் 1948 செப்டம்பரில் மத்தியத் தகவல்தொடர்பு ஆணையம் புதிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு உரிமம் தருவதை நிறுத்திவைத்தது. அலைவரிசைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டதுதான் காரணம். 1952 ஏப்ரலில் தடை நீங்கும்வரை நாடு முழுவதற்கும் நூற்றுச் சொச்சம் நிலையங்களே இருந்தன. தடை நீங்கியதும் நடுத்தர ஊர்களிலும் சிற்றூர்களிலும் கோபுரங்கள் எழுந்தன. மாலை முழுவதையும் நியூயார்க்கிலிருந்து வரும் நாடகங்களும் கேளிக்கைகளும் நிரப்பிவிட, ஊர் நிலையம் தன் முகத்தைக் காட்ட மிஞ்சியது சிறு செய்தி நேரம். செய்திக்கு ஒருவர், வானிலைக்கு ஒருவர், விளையாட்டுக்கு ஒருவர் என்ற மூவர் கூட்டணி அங்கே பிறந்தது. பல பத்தாண்டுகள் அது மாறவில்லை.

1965இல் பிலடெல்ஃபியாவில் அல் பிரிமோ என்ற செய்தி இயக்குநர் 'ஐவிட்னஸ் நியூஸ்' என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார். 1968இல் அதை நியூயார்க்குக்கும் எடுத்துச் சென்றார். செய்தியாளர்களே திரையில் தோன்றிப் பேசினார்கள். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். விளையாட்டுக்காரருக்கு இதில் ஒரு பாத்திரம் கிடைத்தது. வீட்டுக்குக் கடைசியாக வந்து சிரிக்கவைக்கும் சித்தப்பாவின் பாத்திரம்.

இதற்கு நல்ல உதாரணம் பஃபலோ நகரின் 7ஆம் சேனல். இர்வ் வைன்ஸ்டீன் செய்தி, டாம் ஜோல்ஸ் வானிலை, ரிக் அசார் விளையாட்டு. 1965 முதல் 1989 வரை இருபத்து நான்கு ஆண்டுகள் இந்த மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். நிலையத்தின் அலை ஒன்டாரியோ ஏரியைத் தாண்டி டொராண்டோவுக்கும் வந்தது. பஃபலோவில் எந்தக் கட்டடம் தீப்பிடித்தது என்பது டொராண்டோக்காரருக்கும் அத்துப்படி என்று ஒரு வேடிக்கைப் பேச்சே உண்டு. 1980களில் டொராண்டோவில் வந்திறங்கிய ஈழத்தமிழர்கள் சிலரேனும், பனிக்கால இரவில் சேனல் மாற்றும்போது இந்த மூவரையும் பார்த்திருப்பார்கள். தாங்கள் வாழாத ஓர் ஊரின் விளையாட்டு முடிவுகளை, வாழத் தொடங்கியிருக்கும் ஊரில் உட்கார்ந்து.

அந்தக் காலத்தில் இத்தொழிலுக்கு இருந்த பலம் ஒன்றே ஒன்றுதான். ஆட்டத்தின் முடிவு அவரிடம் இருந்தது, பார்ப்பவரிடம் இல்லை. மறுநாள் பத்திரிகை வரும்வரை காத்திருக்க மனமில்லாதவர் பதினொன்றே கால் மணிவரை விழித்திருந்தாக வேண்டும். படம் காட்டுவது அதைவிடக் கடினம். 16 மில்லிமீட்டர் பிலிமில் எடுத்து, நிலையத்துக்கு ஓடி வந்து, கழுவி, உலர்த்தி, வெட்டி ஒட்ட வேண்டும். இரவு ஆட்டமென்றால் முதல் பாதியோடு கிளம்பிவிடுவார்கள். 1970களின் நடுவில் தோளில் சுமக்கும் வீடியோ காமிரா வந்தபின் பிலிம் கழுவும் அறை தேவையில்லாமல் போயிற்று.

வீடியோவின் அருமையை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் வாஷிங்டன் 9ஆம் சேனலின் வார்னர் வுல்ஃப். "வீடியோ டேப்புக்குப் போவோம்!" என்று அவர் உரக்கச் சொல்வது நகரத்தின் பழமொழியே ஆகிவிட்டது. 1976இல் ஏபிசி அவரை நாடு முழுவதற்கும் வர்ணிக்க அழைத்துக்கொண்டது. அங்கே அவர் வெகுகாலம் நிலைக்கவில்லை. நியூயார்க்கின் உள்ளூர்ச் செய்திக்குப் போனதும் மறுபடி நட்சத்திரமானார். அதே ஆள், அதே குரல், அதே டேப். ஓர் ஊரோடு பேசும்போது எடுபட்டது நாட்டோடு பேசும்போது எடுபடவில்லை.

வாஷிங்டனில் அவர் இடத்துக்குப் பின்னால் வந்த கிளென் பிரென்னர் ஒருகாலத்தில் சிறு லீக்கில் பந்து வீசியவர். கேலியும் கிண்டலுமாக அவர் சொன்ன விளையாட்டுச் செய்தியை, விளையாட்டில் ஈடுபாடே இல்லாதவர்களும் பார்த்தார்கள். 1991 இறுதியில் மாரத்தான் ஓடி முடித்து மயங்கி விழுந்தவருக்கு மூளையில் கட்டி என்று தெரிந்தது. 1992 ஜனவரியில், 44 வயதில், இறந்தார். நகரம் அவருக்காக அழுதது. வாரத்தில் ஐந்து நாள் தங்கள் வீட்டுக்கு வந்துபோன ஒருவரின் சாவாகத்தான் மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள்.

இந்த மேசையில் யார் உட்காரலாம் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. சிகாகோவில் ஜீனி மோரிஸ் முதலில் பத்திரிகையில் எழுதினார். கணவர் பேர்ஸ் அணியின் ஆட்டக்காரர் ஜானி மோரிஸ் என்பதால், பத்தியில் அச்சான பெயர் 'திருமதி ஜானி மோரிஸ்'. தொலைக்காட்சிக்கு வந்தபின், மினசோட்டாவில் நடந்த ஓர் ஆட்டத்தில் பத்திரிகையாளர் கூடத்துக்குள் பெண்களுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பனி கொட்டிக்கொண்டிருக்க, அந்தக் கூடத்தின் கூரைமேல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார். ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறையிலும் இதே கதை. அங்கேதான் பேட்டி கிடைக்கும். அங்கே பெண்களுக்கு அனுமதியில்லை. 'ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்' இதழின் நிருபர் மெலிசா லட்கி தொடுத்த வழக்கில், 1978இல் நீதிபதி கான்ஸ்டன்ஸ் பேக்கர் மோட்லி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கறுப்பினப் பெண்களில் மத்திய நீதிமன்ற நீதிபதியான முதல் ஆள் மோட்லி. ஒரு கதவைத் திறப்பது என்னவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாண்டுகள் கழித்து அந்தக் கதவு வழியாக வந்தவர் ராபின் ராபர்ட்ஸ். மிசிசிப்பிக்காரர், கல்லூரியில் கூடைப்பந்து ஆடியவர். 1983இல் பட்டம் பெற்றதும் அவருக்குக் கிடைத்த வேலை, 150க்கும் பின்னால் கிடந்த ஹாட்டிஸ்பர்க் சந்தையில். அடுத்த ஆண்டு சொந்த வீட்டுக்குப் பக்கத்து ஊரான பிலாக்ஸி. 1986இல் நாஷ்வில். 1988இல் அட்லாண்டா. 1990இல் ஈஎஸ்பிஎன். ஏழு ஆண்டு, நான்கு ஊர், பிறகு நாடு. தொழிலில் நுழையும் பிள்ளைகளுக்கு இன்றும் காட்டப்படும் ஏணி இதுதான்.

அந்த ஏணியில் ஏறும் முறையையும் சொல்ல வேண்டும். முதல் வேலை பெரும்பாலும் வார இறுதி விளையாட்டு; மற்ற மூன்று நாள் சாதாரணச் செய்தி சேகரிப்பு. வெள்ளி இரவு பள்ளிகளின் அமெரிக்கக் கால்பந்து. ஒரே மாலையில் மூன்று மைதானம். ஒவ்வொன்றிலும் ஒரு டச்டவுன் விழும்வரை நின்று படம் பிடித்துவிட்டு அடுத்ததற்குக் காரில் ஓட வேண்டும். ஓராண்டு கழிந்ததும் தன் வேலைகளில் சிறந்ததைத் தொகுத்து 'ரெஸ்யூமே டேப்' தயாரித்து, ஐம்பது நூறு நிலையங்களுக்குத் தபாலில் அனுப்புவது அந்நாள் வழக்கம். அங்கே இருக்கும் செய்தி இயக்குநர் பதினைந்து வினாடி பார்ப்பார். பிடிக்காவிட்டால் டேப் வெளியே வந்துவிடும். ஒப்பந்தம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுக்கு. நடுவில் விலகினால் அபராதம். விலகியபின் அதே ஊரின் போட்டி நிலையத்தில் சேரத் தடை. பெரிய சந்தையிலிருந்து அழைப்பு வந்தால் மட்டும் போகலாம் என்று சிலர் பேரம் பேசி ஒரு வரி சேர்த்துக்கொள்வார்கள்.

ஆக, தொழிலில் உயர வேண்டுமானால் ஊரை விட வேண்டும். ஊர் மனதில் நிற்க வேண்டுமானால் ஊரிலேயே இருக்க வேண்டும். ரிக் அசாரைப் பஃபலோ மறக்கவில்லை என்றால், அவர் அங்கே கிடந்தார் என்பதே காரணம். ஆனால் எந்த ஒப்பந்தத்திலும் அப்படிக் கிடப்பதற்கு விலை எழுதப்பட்டதில்லை.

இந்தத் தொழிலின் அடித்தளத்தை ஆட்டிய மனிதர் அதற்குள்ளிருந்தே வந்தார். பில் ராஸ்முசன் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் தொலைக்காட்சி விளையாட்டுச் செய்தியாளராக இருந்தவர். பின்னர் ஒரு ஹாக்கி அணியின் தகவல் பிரிவில் சேர்ந்து, 1978இல் வேலை இழந்தார். கனெக்டிகட் மாநில விளையாட்டுகளைக் கேபிளில் காட்டலாமே என்பதுதான் அவருடைய முதல் யோசனை. சாட்டிலைட் வாடகை விசாரிக்கப் போனபோது, நாளுக்குச் சில மணி நேரம் எடுப்பதைவிட 24 மணி நேரமும் எடுப்பது மலிவு என்று தெரியவந்தது. சாட்டிலைட்டுக்கு மாநில எல்லை தெரியாது. 1979 செப்டம்பர் 7 அன்று பிரிஸ்டல் என்ற சிற்றூரிலிருந்து ஈஎஸ்பிஎன் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஒரு மாநிலத்துக்காகப் பிறந்த யோசனை, எல்லா ஊர் விளையாட்டுச் செய்தியாளர்களிடமும் இருந்த ஒரே சரக்கைப் பறித்துக்கொண்டது. இனி ஆட்ட முடிவுக்காக யாரும் பதினொன்றே காலுக்குக் காத்திருக்க வேண்டாம்.

பறிபோனது உடனே தெரியவில்லை. வாஷிங்டன் 4ஆம் சேனலில் ஜார்ஜ் மைக்கேல், நாடெங்கிலுமிருந்து சாட்டிலைட்டில் வரும் படங்களைத் தொகுத்து 'ஸ்போர்ட்ஸ் மெஷின்' என்ற நிகழ்ச்சியை 1984 முதல் பல ஊர் நிலையங்களுக்கு வழங்கினார். 2007இல் செலவுக் குறைப்பு வந்தது. தன் ஆட்களை வெளியே அனுப்ப மனமின்றி அவரே விலகினார், நிகழ்ச்சியும் நின்றது.

அதற்குள் இணையமும் கைபேசியும் வந்துவிட்டிருந்தன. நிலையங்களுக்கு யோசனை சொல்லும் ஆலோசனை நிறுவனங்கள், விளையாட்டு வந்ததும் சேனல் மாற்றுபவர்கள் அதிகம், வானிலைக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள் என்றன. மூன்று நிமிடம் இரண்டானது. சில ஊர்களில் தினசரி விளையாட்டுப் பகுதியே எடுக்கப்பட்டது. படம் பிடிப்பவர், வெட்டுபவர், பேசுபவர் என்ற பிரிவினை பெரிய ஊர்களிலும் கரைந்தது.

நானும் ஆலோசகன்தான், வேறு வகை. சுமார் பத்தாண்டுகளுக்கு முன் ஒரு நிலையக் குழுமத்துக்காக ஒப்பந்த வேலை செய்தேன். கட்டுப்பாட்டு அறையில் ஆறேழு பேர் பொத்தான் அமுக்கிச் செய்ததை ஒரு மென்பொருளும் ஒரே ஆளும் செய்யும்படி மாற்றும் திட்டம். அங்கே ஐம்பது வயது கடந்த விளையாட்டுச் செய்தியாளர் ஒருவர் இருந்தார். அந்த ஊரிலேயே பிறந்தவர். மூன்று பேர் இருந்த விளையாட்டுப் பிரிவில் அப்போது அவர் மட்டும்தான் மிச்சம். பெரிய சந்தைகளிலிருந்து இருமுறை அழைப்பு வந்தும் போகவில்லையாம். "மளிகைக் கடைக்குப் போனால் பாலை எடுப்பதற்குள் நான்கு பேர் தங்கள் பேரன் ஆட்டம் எந்தக் கிழமை என்று சொல்லிவிடுவார்கள். அதை எந்த ஊருக்கு எடுத்துக்கொண்டு போவேன்?" என்றார். பிறகு என்னைக் கேட்டார்: "உனக்கு இது எத்தனையாவது ஊர்?"

எண்ணிப் பார்த்தேன். பதினொரு ஆண்டில் ஏழாவது ஊர். எச்1பி விசாவில் வந்த எங்கள் தலைமுறையின் ஏணியும் இதேபோன்றதுதான். கிளையண்ட் இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். திட்டம் முடிந்ததும் கிளம்ப வேண்டும். அடுத்த ஊர் சற்றுப் பெரியது, சம்பளமும் சற்றுப் பெரியது. எந்த ஊரிலும் மளிகைக் கடையில் நம்மை யாரும் நிறுத்திப் பேசுவதில்லை. நாமும் யாரையும் நிறுத்துவதில்லை. அதில் குறையொன்றும் தோன்றாமலேதான் பலர் இருக்கிறோம். பிள்ளைகள் பள்ளிக்குப் போய், ஏதாவது ஓர் அணியில் சேர்ந்து ஆடத் தொடங்கும்வரை.

ஊர்க்காரராக இருப்பதன் பலன் சில நேரம் எதிர்பாராத இடத்தில் தெரியும். 2005இல் கத்ரீனா சூறாவளி மிசிசிப்பிக் கடற்கரையைப் புரட்டிப்போட்டபோது, நாடறிந்த முகமாகிவிட்ட ராபின் ராபர்ட்ஸ் தன் வீட்டார் வாழ்ந்த அந்தப் பகுதியிலிருந்து செய்தி சொன்னார். சொல்லும்போதே உடைந்து அழுதார். தேசியத் தொலைக்காட்சியில் மக்கள் அவரிடம் நினைவில் வைத்திருக்கும் கணங்களில் அது ஒன்று. அந்த நேரத்தில் அவர் 210 சந்தைகளுக்காகப் பேசவில்லை.

சக்கரம் சற்றுத் திரும்பவும் செய்கிறது. ஊர் அணிகளின் ஆட்டங்களைக் கட்டணக் கேபிளில் காட்டிவந்த பிராந்திய விளையாட்டுச் சேனல்களில் பெரும்பங்கை வைத்திருந்த நிறுவனம் 2023இல் திவால் பாதுகாப்பு கோரியது. அதே ஆண்டு ஃபீனிக்ஸ் சன்ஸ் கூடைப்பந்து அணி, ஆன்டெனா வைத்தால் இலவசமாகவே தெரியும் உள்ளூர்ச் சேனலுக்குத் தன் ஆட்டங்களைக் கொண்டுவந்தது. வேறு சில அணிகளும் அப்படியே. ஆனால் இவை பெரிய அணிகள். கிளெண்டைவ் போன்ற ஊர்களின் பள்ளி ஆட்டத்துக்கு அப்போதும் இப்போதும் ஒரே வழி, காமிராவைத் தூக்கிக்கொண்டு யாராவது ஒருவர் அங்கே போவதுதான்.

போகிறவர் செய்யும் ஒரு சிறு வேலையைச் சொல்லி முடிக்கிறேன். ஆட்டத்துக்கு முன் இரு அணிப் பயிற்சியாளர்களிடமும் ஆட்டக்காரர் பட்டியலை வாங்கி, வாயில் நுழையாத பெயர்களுக்குப் பக்கத்தில் உச்சரிப்பை எழுதிவைத்துக்கொள்வது இத்தொழிலின் பழைய ஒழுக்கம். முன்பு போலிஷ் பெயர்களும் இத்தாலியப் பெயர்களும் அந்தப் பட்டியலில் கடினமாக இருந்தன. இப்போது டெக்சஸிலும் நியூ ஜெர்சியிலும் பட்டியல்களில் அறிவழகன்களும் தமிழ்ச்செல்விகளும் இருக்கிறார்கள். அந்தச் சிறப்பு ழகரத்தை ஈஎஸ்பிஎன் ஒருநாளும் பழகப்போவதில்லை. அதற்கு அவசியமும் இல்லை. ஓரத்தில் நின்று, பையனின் அம்மாவைக் கூப்பிட்டு, "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்டு, முணுமுணுத்துப் பழகிக்கொண்டு, இரவு பத்தேகாலுக்கு ஓரளவேனும் சரியாகச் சொல்லப்போகிறவர், குறைந்த சம்பளத்தில் அந்த ஊரில் மிஞ்சியிருக்கும் ஒருவர்தான்.